அடக்குவதா, பழக்குவதா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துக் குதிரைப் பிரியர்களுக்கு ஒரே ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தியூர். பர்கூர் மலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்குப் பக்கத்தில், புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற சந்தை. காங்கேயம் மாடு, பர்கூர் மலை மாடு, ஆடு எல்லாம் வந்தாலும் கூட்டம் முண்டியடிப்பது என்னவோ குதிரைகளைப் பார்க்கத்தான். மார்வாரி, காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற காத்தியவார், வெள்ளை வெளேரென்று நுக்ரா... திப்பு சுல்தான் குதிரை வாங்கிய சந்தை என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு, பவானி வழியாகப் போனால் சுமார் 50 கி.மீ.தான். காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். திரும்பும்போது சிலர் வெறும் கையோடு திரும்புவதில்லை. குட்டியானை வண்டியில் ஒரு குதிரைக்குட்டி ஏறி வரும்! (குட்டியானை மேல் குதிரைக்குட்டி என்பதே பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.)

அதற்கப்புறம் நடப்பது அவ்வளவு வேடிக்கையாக இருப்பதில்லை. குட்டிக்கு ஒன்றரை வயதோ இரண்டு வயதோ இருக்கும். லாரிப் பட்டறைக்குப் பக்கத்திலோ தறிக்கூடத்துக்குப் பின்னாலோ கட்டிப்போடுவார்கள். முதல் வாரம் முழுக்கச் செல்லம். கொள்ளு, வெல்லம், போட்டோ. இரண்டாவது வாரம் முதுகில் ஒரு சாக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் வீட்டுப் பையன் ஏறி உட்காருவான். தோட்டத்துக்குள் நாலு சுற்று ஒழுங்காக நடந்தது என்று சங்ககிரி ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவான். திருச்செங்கோட்டு ரோட்டில் என்ன வரும்? போர்வெல் ரிக் வண்டி வரும். ஏர் ஹாரன் ஒரு தடவை அலறினால் போதும். குட்டி ரோட்டுக்கு நடுவில், பையன் தார் மேல்.

அன்று சாயங்காலம் அடி விழுவது குதிரைக்கு. அடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பயம். பையன் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பான், குதிரை தலையைத் தூக்கும், அவன் இன்னும் இறுக்குவான். அடுத்த ஆடிக்கு அதே குதிரை அதே சந்தையில் நிற்கும், "கொஞ்சம் முரடுங்க" என்ற பட்டத்தோடு. மூன்று வயதுகூட ஆகாத ஒரு பிராணிக்கு ஆயுசு முழுக்க ஒட்டிக்கொள்ளப் போகிற பட்டம் அது. பையனும் இனிமேல் குதிரைப் பக்கம் போக மாட்டான். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் வருத்தமான விஷயம். எல்லாருக்கும் குதிரை பிடிக்கும். அதை எப்படிப் பழக்குவது என்பதுதான் தெரியாது.

குதிரை விஷயத்தில் தமிழர்களின் கற்பனை எப்போதும் ராஜா தேசிங்கு பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. செஞ்சிக்காரன் தேஜ் சிங் 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டை போட்டுச் செத்தது சரித்திரம். கதைப்பாட்டு தருகிற தேசிங்கு வேறு. டில்லியில் யாராலும் ஏற முடியாத பாராசாரிக் குதிரை மேல் சின்னப் பையன் ஒருத்தன் தாவி ஏறி அதை அடக்கிவிடுகிறான். ஒரே தாவல். முடிந்தது வேலை. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவாகவும் வந்துவிட்டது. குதிரை என்றால் இப்படித்தான் என்று மனசில் பதிந்து போயிற்று. கதாநாயகன் ஏறுவான், குதிரை துள்ளும், பிறகு அடங்கும்.

ஸ்ரீரங்கத்து சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குதிரைகளைப் பார்த்தவர்களுக்கும் இதே எண்ணம்தான் வரும். கல்லில் அது பிரமாதமான அழகு. நிஜத்தில் ஒரு குதிரை அப்படிப் பின்னங்காலில் எழுந்தால், ஒன்று அதற்கு வாய் வலிக்கிறது, இல்லாவிட்டால் முன்னால் போக பயம், பின்னால் போகவும் வழியில்லை. மேலே இருப்பவனோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தாலும் விழும்.

கிரேக்கர்களிடமும் இதே கதை உண்டு. யாரும் ஏற முடியாத பூசிபாலஸ் குதிரையைச் சிறுவன் அலெக்சாண்டர் வசப்படுத்திய கதையை புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அதில் ஒரு விவரம் கூடுதலாக இருக்கிறது. அந்தக் குதிரை தன் நிழலைப் பார்த்தே மிரளுகிறது என்பதை அலெக்சாண்டர் கவனித்துவிடுகிறான். பக்கத்தில் போய், நிழல் கண்ணில் படாதபடி அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பி, தடவிக் கொடுத்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடி, மேலங்கியைச் சத்தமில்லாமல் கீழே நழுவ விட்டுவிட்டு, அப்புறம்தான் ஏறுகிறான். இதுவும் கதைதான், எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனாலும் 'எதைப் பார்த்து மிரளுகிறது' என்ற கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கிறது. தேசிங்கு கதையில் அந்தக் கேள்வியே இல்லை.

கேள்வி கேட்காததற்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு தடவை பெரிய விலை கொடுத்திருக்கிறது. பாண்டியர்களுக்குக் குதிரை என்றால் உயிர். மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த கதையும், நரி பரியாகி ராத்திரியே மறுபடி நரியான கதையும் எல்லாருக்கும் தெரியும். (குதிரை வாங்கிய மறுநாள் காலையில் ஏமாந்து நிற்கிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது போல!) அது புராணம். சரித்திரம் அதைவிடச் சோகமானது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தமே இருந்தது என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 தங்க தினார். வழியில் கடலில் செத்துப்போனாலும் பாண்டியன் கஜானா காசு கொடுத்துவிட வேண்டும்!

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரைகளை என்ன செய்தார்கள்? வஸ்ஸாப் சொல்வதன் சாரம் இதுதான். நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டி, வறுத்த தானியத்தையும் வெண்ணெயையும் காய்ச்சின பாலையும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், பேய் மாதிரி ஏறி ஓட்டுவார்கள். கொஞ்ச நாளிலேயே காற்றாகப் பறந்த குதிரைகள் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். அதே காலத்தில் வந்துபோன மார்க்கோ போலோவும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். சோறும் இறைச்சியும் வேக வைத்துப் போடுகிறார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லையாம். வியாபாரிகளும் அப்படி ஒருத்தர் வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்களாம், குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் விற்கும்! வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் நாற்பது நாள் கொழுக்க வைப்பது, நாற்பத்தோராம் நாள் ஏறி உட்காருவது என்ற கணக்கு, அந்தியூரிலிருந்து வந்த குட்டியின் மூன்று வாரக் கணக்கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். எழுநூறு வருஷமாக மாறவில்லை.

இதில் ஆச்சரியம், கொங்கு நாட்டுக்காரனுக்குப் பழக்கத் தெரியாது என்பதில்லை. மாட்டைப் பழக்கத் தெரிந்த ஊர் இது. ஏருக்கோ வண்டிக்கோ ஒரு இளங்காளையைக் கொண்டுவருவதற்கு விவசாயிகள் என்ன செய்வார்கள்? முதல் நாளே பாரம் ஏற்ற மாட்டார்கள். வயசான, பழகின மாட்டோடு ஜோடி சேர்த்து நுகத்தில் பூட்டுவார்கள். வெறும் வண்டி, இல்லாவிட்டால் ஒரு கட்டையை இழுக்க விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். புதுக் காளை மிரண்டு இழுத்தாலும் பக்கத்தில் இருக்கும் பெரிய மாடு மிரளாமல் நிற்கும். 'அது பயப்படவில்லையே, நமக்கென்ன' என்று இதுவும் நின்றுவிடும். வலத்தில் பூட்டிப் பழகினதை இடத்தில் பூட்டினால் தடுமாறும் என்பதுகூட வண்டி ஓட்டின தாத்தாக்களுக்குத் தெரியும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை 'பழக்குறது'. ஏருக்குப் பழக்குறது, வண்டிக்குப் பழக்குறது. அதே ஆள் குதிரையிடம் வந்ததும் 'அடக்குறது' என்கிறார். ஜல்லிக்கட்டு வார்த்தை. வாடிவாசலில் அந்த வார்த்தை சரி, அங்கே சில நொடி வேலை. பத்து, இருபது வருஷம் முதுகில் உட்காரப் போகிற உறவுக்கு அது பொருந்தாது.

குதிரை எதனால் மிரளுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும். ஓடித் தப்பித்தே உயிர் வாழ்ந்த ஜாதி அது. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும்தான் தெரியாது. அதனால்தான் பின்பக்கமாகச் சத்தமில்லாமல் போனால் உதை விழுகிறது. அதற்குப் பழிவாங்கும் எண்ணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தார்ப்பாய் படபடப்பது, தண்ணீர்க் குட்டையில் வெயில் மின்னுவது, நேற்று இல்லாத இடத்தில் இன்று ஒரு சிவப்பு பக்கெட் இருப்பது, இதெல்லாம் அதற்கு உயிர் பிரச்சினை. அந்த நேரத்தில் அடி விழுந்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். 'சிவப்பு பக்கெட் இருக்கும் இடத்தில் வலிக்கும்.' அது பயந்தது நியாயம்தான் என்று அடித்தவரே நிரூபித்துவிடுகிறார்.

மேலே உட்கார்ந்திருப்பவரின் பயமும் குதிரைக்குத் தெரிந்துவிடும். இது ஏதோ மாயமந்திரம் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே அதிசயப்பட்டது. 1907-ல் ஆஸ்கர் புஃப்ங்ஸ்ட் என்ற உளவியல்காரர் உட்கார்ந்து சோதித்ததில், அதற்குக் கணக்கு தெரியாது, கேள்வி கேட்பவரின் தலையிலும் முகத்திலும் அவருக்கே தெரியாமல் ஏற்படுகிற மிகச் சின்ன அசைவைப் பார்த்துத்தான் குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று தெரிந்தது. கணக்கு தெரியாவிட்டால் என்ன, அதைவிடப் பெரிய சாமர்த்தியம் இது!

2009-ல் ஸ்வீடனில் இன்னொரு சோதனை. குதிரையை ஒரே பாதையில் நாலு தடவை நடத்திப் போகச் சொன்னார்கள், சிலர் கையில் பிடித்து, சிலர் மேலே ஏறி. நாலாவது தடவை குதிரைக்குப் பக்கத்தில் ஒரு குடையைப் பட்டென்று விரிக்கப் போகிறோம் என்று மனிதர்களிடம் மட்டும் சொன்னார்கள். கடைசிவரை குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் அந்த நாலாவது நடையில் மனிதர்களின் நெஞ்சுத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குடை விஷயம் குதிரைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. கயிற்றைப் பிடித்த கை, தொடை, மூச்சு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டன.

இதிலிருந்து பலர் எடுக்கும் முடிவு 'அப்படியானால் பயப்படக் கூடாது' என்பது. சொல்வது சுலபம். பயத்தை உத்தரவு போட்டு நிறுத்த முடியுமா? தைரியமாக இருப்பது போல நடித்தாலும் ஹான்ஸ் கண்டுபிடித்துவிடுவான். பயப்பட வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு வேலையைச் சின்னதாக்கிக்கொள்வது ஒன்றுதான் வழி. ஏறப் பயமா? ஏற வேண்டாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடக்கலாம். முதல் ஆறு மாதம் நடந்தாலும் தப்பில்லை. நில் என்றால் நிற்கவும், பின்னால் போ என்றால் இரண்டு எட்டு வைக்கவும், காலைத் தூக்கிக் காட்டவும், முதுகில் கையை, துணியை, பிறகு சேணத்தை வைத்தால் பேசாமல் இருக்கவும் பழகட்டும். இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்க வேண்டும், வண்டி மாட்டைப் போலவே. பத்து, பதினைந்து நிமிஷம் போதும். நன்றாகச் செய்யும்போதே நிறுத்திவிட வேண்டும். 'நல்லாத்தான போகுது, இன்னொரு சுத்து' என்ற ஆசையில்தான் பாதிக் குதிரைகள் கெட்டுப்போகின்றன.

கையை இளக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்பது வலிக்குப் பயந்து என்று நினைக்கிறார்கள். நின்ற அந்தக் கணத்திலேயே இழுப்பு நின்றுவிடுகிறது என்பதால்தான் அது நிற்கக் கற்றுக்கொள்கிறது. நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், 'நின்றாலும் வலிக்கும், ஓடினாலும் வலிக்கும், ஓடியே பார்ப்போம்' என்றுதான் அதற்குத் தோன்றும். பிறகு வாய் மரத்துப் போய்விட்டது என்று சொல்லி இன்னும் முரட்டுக் கடிவாளம் வாங்குவார்கள். பயந்த கை இளகாது. அதனால்தான் புதிதாகச் சவாரி கற்பவரையும் புதுக் குதிரையையும் ஒன்றாகச் சேர்ப்பது தப்பு. வியன்னாவில் இருக்கும் புகழ்பெற்ற ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் புதுப் பையன்களை வயசான, எல்லாம் தெரிந்த குதிரை மேல்தான் ஏற்றுவார்கள், அதுவும் முதலில் அங்கவடி, லகான் எதுவும் கையில் கொடுக்காமல், நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்ற விட்டு. இளங்குதிரையை அனுபவசாலிதான் தொடுவார். கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டும் நம்மூர்க் கவுண்டருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, ரிக் வண்டிக்கு என்ன செய்வது? உண்மையில் இந்த விஷயத்தில் திருச்செங்கோடு மாதிரி வசதியான ஊர் கிடையாது! பட்டறைகளிலும் ரோட்டோரத்திலும் லாரியும் ரிக் வண்டியும் வரிசையாக நிற்கின்றன. இஞ்சின் அணைத்து நிற்கிற வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்க விட்டால் போதும். குட்டி காதை முன்னால் நீட்டிப் பார்க்கும், மூக்கை விடைக்கும். அங்கேயே நிற்க விட்டு, தலையைத் தாழ்த்தி வாயை மெல்ல ஆரம்பித்ததும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். மறுநாள் இன்னும் பத்தடி கிட்டே. ஒரு வாரத்தில் டயரை மோந்து பார்க்கும். அதற்கப்புறம் இஞ்சின் ஓடுகிற வண்டி. அதற்கப்புறம் தூரத்தில் டிரைவர் அண்ணனிடம் சொல்லி ஒரே ஒரு ஹாரன். அதன் பிறகு ரோட்டை ஒட்டின தோட்டத்தில் வேலிக்கு உள்ளே மேய விட்டால், ஓடுகிற வண்டிகளையும் பார்த்துப் பழகிவிடும். கூட ஒரு பழைய குதிரை இருந்தால் பாதி வேலை குறைவு, ரோட்டுப் பக்கம் அது, உள் பக்கம் குட்டி. இவ்வளவும் முடிய இரண்டு மாதம் ஆகலாம். பையன் தார் மேல் விழுந்து கை ஒடிந்தால் மாவுக்கட்டுக்கும் அவ்வளவு நாள் ஆகும்.

விழாமல் யாரும் கற்றதில்லை என்பதும் உண்மைதான். தலைக்கவசம் போடாமல் ஏறுவது வீரம் இல்லை. செருப்புக் காலை அங்கவடியில் நுழைப்பது அதைவிட ஆபத்து, பாதம் முழுக்க உள்ளே போய் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். குதி வைத்த ஷூ வேண்டும். விழுந்ததும் உடனே மறுபடி ஏறிவிட வேண்டும் என்று ஒரு அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. குதிரை அமைதியாக இருந்தால் சரி. அது உடம்பெல்லாம் நடுங்கி நிற்கும்போது ஏறினால் இரண்டாவது தடவையும் விழுவதுதான் நடக்கும். கயிற்றைப் பிடித்து அதே இடத்தைச் சுற்றி நடத்தி, அதற்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்ய வைத்து, தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளைக்கும் குதிரை அங்கேதானே இருக்கப் போகிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். சந்தையில் மேளத்துக்கு ஆடுகிற குதிரை இருக்கிறதே, கல்யாண ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு நடுவில் அசையாமல் நிற்கிறதே, அதெல்லாம் பழக்கித்தானே வந்தது? ஆமாம். அதில் நிஜமாகவே கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள், பரம்பரையாகக் குதிரையோடு வாழ்ந்தவர்கள், அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. சுமார் 2400 வருஷத்துக்கு முன்னால் குதிரையேற்றம் பற்றிப் புத்தகம் எழுதின கிரேக்கர் செனபன், கட்டாயத்தில் குதிரை செய்கிற வேலையை அதற்குப் புரிந்து செய்ததாகச் சொல்ல முடியாது, நடனக்காரனைச் சாட்டையால் அடித்து ஆட வைத்தால் என்ன அழகு இருக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். ஆடுகிற குதிரையைப் பார்க்கும்போது காலை மட்டும் பார்க்காமல் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். காது பின்னால் ஒட்டி, கண் வெள்ளை தெரிய, வாயோரம் கிழிந்து, வால் சுழன்று சுழன்று அடித்தால் அது ஆட்டம் இல்லை. முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் வருஷத்து வதைத் தடுப்பு விதிகளே தடை செய்கின்றன. அடிப்பதும் சக்திக்கு மீறி ஓட்டுவதும் 1960-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வாங்கியதே டிரெசாஜ், அதுவும் ஒரு வகையில் குதிரை ஆட்டம்தான். குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு வந்த தங்கம். அங்கே குதிரை முரண்டு பிடித்தாலே மார்க் குறையும்.

வயசு விஷயத்தையும் விட முடியாது. இரண்டு வயதுக் குதிரை பார்க்க வளர்ந்த குதிரை மாதிரியேதான் இருக்கும், ஏமாந்துவிடுவோம். முன்னங்கால் முட்டிக்கு மேலே இருக்கும் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடவே இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயது தாண்ட வேண்டும். ரேஸ் குதிரையை இரண்டு வயதிலேயே ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஏறுவது ஐம்பது கிலோ ஜாக்கி, பக்கத்திலேயே டாக்டர், அப்படியும் கால் போகிற குதிரைகள் ஏராளம். இங்கே எழுபது கிலோ மாமா ஆசைக்கு ஏறிப் பார்க்கிறார். மனுஷன், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு, அதுவும் வளர்ந்த குதிரைக்கு. முதுகு வலிக்கிற குட்டி துள்ளினால் அதையும் முரடு என்றுதான் எழுதுவார்கள். நாமக்கல்லில் 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, ரொம்ப தூரமும் இல்லை. வாங்கிய வாரத்திலேயே பல், குளம்பு, முதுகு காட்டி, ஜன்னி ஊசி போட்டுக் கேட்டுவிட்டு வரலாம். கோழிக்கும் மாட்டுக்கும் போகிறவர்கள் குதிரைக்கும் போகலாமே.

இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டால், நேரம் இல்லாதவர்கள் குட்டி வாங்கக் கூடாது என்பதுதான் பதில். ஏழெட்டு வயதான, ரோடு பழகின குதிரையாக வாங்கலாம். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் விலை வேறு யாரோ செலவழித்த மூன்று, நாலு வருஷத்துக்கான கூலி, அதைக் கொடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அடுத்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்கள் குதிரை ஆடுவதைப் பார்த்து விலை பேசாமல் இரண்டே இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். ஒன்று, கடிவாளத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். தலையைத் தானே தாழ்த்திக் கொடுக்கிறதா, இரண்டு ஆள் காதை முறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால் அதுவரை நடந்த கதை முழுக்கத் தெரிந்துவிடும். இன்னொன்று, விற்பவரிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது. "ஏனுங்கண்ணா, ஏறி ஓட்டலாமுங்களா?" "அதெல்லாம் இப்பவே ஏறுங்க, ரெண்டு சாட்டை காட்டுனா அடங்கிக்கும்" என்பவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கேயாவது ஒரு பெரியவர், "இது குட்டிங்க தம்பி, இன்னும் ஒரு வருசம் ஏறாதீங்க, கயித்தப் புடிச்சு நடத்திட்டு மட்டும் போங்க" என்பார். வாங்குவதானால் அவரிடம் வாங்கலாம். போன் நம்பரையும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.